கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றுவது? மட்டக்களப்பு, அம்பாறைப் பாவனையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் "வீஜிஏ மாற்றலாமா?" என்று, அதாவது திரையில் காட்சியை வரையும் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று, கேட்கும்போது, இப்போதே மாற்ற வேண்டுமா என்பதையும் கையிலுள்ள காசுக்குள் அது அடங்குமா என்பதையும் சேர்த்தே கேட்கிறார்கள். பதில்களும் அப்படியே, தேவையையும் செலவையும் சேர்த்துப் பார்க்கின்றன. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் விலைப்பட்டியலுக்குப் பதிலாகக் கணக்குப் பார்க்கும் முறையைத் தந்திருக்கிறோம்.

கிராபிக்ஸ் கார்டை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

வருடக் கணக்கு எதுவும் இல்லை. 2016 இல் வெளிவந்த, என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060 கார்ட் இன்றும் வலோரன்டையும் ஜிடிஏ 5 ஐயும் 1080 பி தெளிவில் நன்றாகவே ஓட்டும். அவற்றை மட்டுமே விளையாடுபவருக்கு அது போதும். ஆனால் 2024 டிசெம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மேயில் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆகிய விளையாட்டுகள் ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணித்து வரைதல்) வன்பொருள் உள்ள கார்டுகளையே கேட்கின்றன. அங்கே அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் ஜிடிஎக்ஸ் வரிசைக்கு இடமில்லை.

ஆகவே இந்த வருடத்தில் நீங்கள் ஓட்டப்போகும் விளையாட்டுகளையும் மென்பொருள்களையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் ஏதாவது தொடங்கவே மறுத்தால், அல்லது அமைப்புகளைக் குறைத்த பின்னரும் உங்களால் பொறுக்க முடியாத அளவுக்குத் திணறினால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகலாம். எல்லாம் ஓடுகிறதென்றால், புதிய மாதிரி வந்துவிட்டது என்பது மாற்றுவதற்கான காரணமாகாது.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் கார்ட்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

இதை அளந்து பார்க்காமல் காசு செலவழிப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் வீண்செலவு. அளப்பதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் கார்ட் எம்எஸ்ஐ தயாரிப்பாக இருக்க வேண்டியதில்லை. கார்டின் பாவனை வீதம், கார்டின் நினைவகம், வெப்பநிலை, புரொசெசரின் பாவனை, ஒரு வினாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை (பிரேம் எண்ணிக்கை) ஆகியவற்றைத் திரையின் மூலையில் காட்டச்செய்து, விளையாட்டில் எந்தப் பகுதி அதிகம் திணறுகிறதோ அந்தப் பகுதியிலேயே இருபது நிமிடமாவது விளையாடுங்கள். அதற்கு முன், பிரேம்களைத் திரையின் வேகத்துக்குள் கட்டுப்படுத்தும் வி-சிங்க்கையும் பிரேம் வரம்பையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்ட் வேண்டுமென்றே ஓய்ந்திருப்பதைப் பார்த்துத் தவறாக முடிவெடுக்க நேரும்.

கார்டின் பாவனை தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், அது தன் எல்லையைத் தொட்டுவிட்டது. பாவனை 50, 60 சதவீதத்தில் நிற்க, பிரேம் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தால், கார்டைக் காக்கவைப்பது புரொசெசர்; அந்தக் கணினியில் எந்தப் புதிய கார்டைச் செருகினாலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான் வரும். சந்தேகமிருந்தால் திரைத்தெளிவை 1080 இலிருந்து 720 க்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறாவிட்டால் குற்றவாளி கார்ட் அல்ல.

எண்ணிக்கை நன்றாக இருந்தும் இடையிடையே காட்சி சிக்கி நின்றால் கார்டின் நினைவகம் நிரம்பியிருக்கலாம், கணினியின் ரேம் நிரம்பியிருக்கலாம், அல்லது விளையாட்டு இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம். பொருத்திக் கொடுக்கப்படும் பல கணினிகளில் 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாகவே இருக்கிறது. அதே அளவில் இன்னொரு குச்சி போட்டால் ரேம் இரட்டைத் தடத்தில் இயங்கும். புரொசெசர் தடுக்கும் விளையாட்டுகளில் இந்த ஒரு மாற்றமே தெளிவாகத் தெரியும்.

என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5. அதற்கு நல்லதொரு கார்ட் போடலாமா?

போடாதீர்கள் என்றே சொல்வோம். ஐ5-4590, ஐ5-6500 போன்றவை நான்கு கோர், நான்கு திரெட் மட்டுமே உள்ள புரொசெசர்கள். இன்றைய பெரிய விளையாட்டுகள், ரே ட்ரேசிங் உள்ள ஆர்டிஎக்ஸ் வரிசையின் 4060 கார்டைப் பாதி வேலைகூட செய்யவிடாமல் அவற்றிலேயே தேங்கிவிடும். அத்துடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. கார்டுக்குச் சேர்த்த காசை அப்படியே வைத்து, மதர்போர்டையும் புரொசெசரையும் மாற்றும் நாள்வரை சேர்ப்பது நல்லது. அதுவரை தாக்குப்பிடிக்கப் பாவித்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய கார்டொன்று போதும்.

காசு செலவழிக்காமல் முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, பொத்துவில் என்று கடலோரமாகவே வாழும் நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியமானது. உப்புக் காற்றும், ஆண்டின் நடுவில் கச்சான் வீசும் மாதங்களில் வரும் தூசியும் சேர்ந்து விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் படையாகப் படிந்துவிடும். சுமையின்போது கார்டின் வெப்பநிலை 65 முதல் 80 பாகை வரை இருப்பது இயல்பு. அது 85 ஐத் தாண்டும்போது கார்ட் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கினால், நீங்கள் காண்பது கார்டின் வயதை அல்ல, அதன் அழுக்கை.

விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதித் துப்புரவாக்குங்கள். நான்கைந்து வருடமான கார்டென்றால், சில்லின் வெப்பத்தை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றலாம். வொரன்டி இருக்கும் கார்டில் மட்டும் திருகாணியின் மேலுள்ள முத்திரையைக் கிழிக்க வேண்டாம். மேசையின் அடியில் சுவரோடு ஒட்டியிருக்கும் கேசிங்கை வெளியே இழுத்து வைப்பதும் சில பாகைகளைக் குறைக்கும்.

மென்பொருள் பக்கத்தில், என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் தொழில்நுட்பம் விளையாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் இந்த முறையின் 1, 2, 3 ஆம் பதிப்புகள் என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் கார்டுகளிலும் வேலை செய்யும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அப்படியல்ல. அதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டே வேண்டும். நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்குவதும் பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்கு அதிகம் தெரியாமல் நல்ல பலன் தரும்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியா ஆதரவை நிறுத்திவிட்டதாமே? உடனே மாற்ற வேண்டுமா?

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 ஒக்டோபருடன் முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை 2028 ஒக்டோபர் வரை வரும். கையிலிருக்கும் கார்ட் இதனால் ஒரே இரவில் பயனற்றுப் போகாது. பழைய விளையாட்டுகள் முன்போலவே ஓடும். ஆனால் இனிமேல் பாவித்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1070 ஆகியவற்றை விலை கொடுத்து வாங்குவது சரியல்ல. 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 16 வரிசை வேறு தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் அதற்கு ஆதரவு தொடர்கிறது.

என் கேசிங்கோடு வந்த 500 வாட் பவர் சப்ளை போதாதா?

கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளையின் மேல் பெரிதாக எழுதப்பட்ட எண்ணை நம்ப வேண்டாம். பக்கத்திலுள்ள அட்டவணையில் +12 வோல்ட் என்ற நிரலைப் பாருங்கள். அங்கே 18 அம்பியர் என்று இருந்தால், 12 ஐ 18 ஆல் பெருக்க 216 வாட் வருகிறது. கார்டும் புரொசெசரும் உண்ணக்கூடிய மின்சாரம் உண்மையில் அவ்வளவுதான், வெளியில் 500 என்று எழுதியிருந்தாலும் சரி.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் கார்ட் இருக்கிறது. கார்டைச் செருகும் மதர்போர்டின் துளையிலிருந்து அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஆறு முனை வயர் இன்னொரு 75 வாட்டையும், எட்டு முனை வயர் 150 வாட்டையும் தரும். ஜிடிஎக்ஸ் 1650 இன் அடிப்படை மாதிரி 75 வாட்டுக்குள் அடங்கும். ஆர்டிஎக்ஸ் 4060 க்கு 115, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060 க்கு 170, இன்டெல் ஆர்க் பி580 க்கு 190 வாட் வேண்டும். எனவே ஒரே விலைக்கு இரண்டு கார்டுகள் கிடைக்கும்போது, குறைந்த மின்சாரம் உண்பது பவர் சப்ளை மாற்றும் செலவை மிச்சப்படுத்தலாம் என்பதால் சிலவேளை அதுவே மலிவானதாகிவிடும்.

பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருந்தால், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றுள்ள, பெயர் தெரிந்த 550 வாட் ஒன்றின் விலையைக் கார்டின் விலையோடு சேர்த்தே வரவு செலவில் போடுங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முனை வயரிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் துண்டு வயரைக் கடையில் இலவசமாகத் தருவார்கள். வாங்காமல் விட்டுவிடுங்கள், வயர் உருகிய கணினிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

மாரி காலத்தில் இடி மின்னலோடு மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் யூபிஎஸ் ஒன்றும், ஒழுங்கான ஏர்த் இணைப்பும் அவசியம். மூன்று முனைச் செருகியில் ஏர்த் முனை உண்மையில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட்டால், கேசிங்கைத் தொட்டால் மெல்லிதாக உதைக்கும் பிரச்சினையும் தீரும்.

பாவித்த டெல் அல்லது எச்பி அலுவலகக் கணினி வைத்திருக்கிறேன். அதற்கு எந்தக் கார்ட்?

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கொண்டுவரப்பட்ட இந்தக் கணினிகள் விலைக்கு நல்லவை. ஆனால் கார்ட் விடயத்தில் கைகளைக் கட்டிவிடுகின்றன. பவர் சப்ளை அந்தக் கம்பனிக்கே உரிய வடிவில் இருப்பதால் சாதாரணமானது பொருந்தாது, கார்டுக்கான வயர் பெரும்பாலும் இருக்காது, சிறிய கேசிங்கென்றால் அரை உயரக் கார்ட் மட்டுமே உள்ளே போகும். ஆகவே துளையின் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுகளே உங்களுக்குரியவை. ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, 70 வாட் உண்ணும் ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வடிவம் ஆகிய மூன்றிலும் அரை உயர மாதிரிகள் உண்டு. இவற்றுள் கடைசியானதையே பரிந்துரைப்போம். ஆர்எக்ஸ் 6400 நான்கு தடங்களில் மட்டுமே மதர்போர்டோடு பேசுவதால், கார்டுத் துளை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற பழைய பதிப்பாக உள்ள அலுவலகக் கணினியில் அதன் வேகம் மேலும் குறைந்துவிடும்.

வாங்குவதற்கு முன் கேசிங்கைத் திறந்து அடிமட்டத்தால் உயரத்தையும் நீளத்தையும் அளந்து, அந்த அளவுகளோடு கடைக்குப் போங்கள்.

எத்தனை ஜிபி கார்ட் வாங்க வேண்டும்?

1080 பி தெளிவில் விளையாட, இன்று காசு கொடுத்து வாங்குவதென்றால் 8 ஜிபி. முன்சொன்ன சிறிய கேசிங்குகளும் இடைக்கால ஏற்பாடுகளும் மட்டுமே விதிவிலக்கு. கார்டின் நினைவகம் நிரம்பியதும் மிச்சத் தரவு கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், சராசரி எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் காட்சி வெட்டி வெட்டி ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் வழமையான மாதிரி 4 ஜிபியும் நான்கு தடங்களும் மட்டுமே கொண்டது என்பதால் பழைய மதர்போர்டில் இரட்டிப்பாகத் தண்டிக்கப்படுகிறது.

எவ்வளவு முன்னேற்றம் கிடைத்தால் மாற்றுவது தகும்?

எங்கள் கருத்தில், நீங்கள் விளையாடும் விளையாட்டில் பிரேம் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 இலிருந்து ஆர்எக்ஸ் 6600 க்குப் போனால் அது நடக்கும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரிலிருந்து ஆர்டிஎக்ஸ் 3060 க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய முன்னேற்றமே கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 இலிருந்து 4060 க்குப் போகிறவர் இன்னும் குறைவான வேகத்தைப் பெற்று, 12 ஜிபியைக் கொடுத்து 8 ஜிபியை வாங்குகிறார். அப்படிப்பட்ட மாற்றத்துக்குச் சீட்டுக் காசை எடுக்க வேண்டாம்.

மொனிட்டரையும் மறக்காதீர்கள். வினாடிக்கு 60 படங்களே காட்டும் 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் ஏற்கெனவே 60 பிரேம் வருகிறதென்றால், 120 பிரேம் தரும் கார்டின் பாதி வேலை திரைக்கு வரவே வராது.

புதியதா, பாவித்ததா?

முதலில் புதியதன் நியாயமான விலையைக் கணக்கிடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 அமெரிக்காவில் வெளியிடப்பட்ட விலை 299 டொலர். ஒரு டொலரை 300 ரூபாய் எனக் கொண்டால் அது 89,700 ரூபாய். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதிசேர் வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,06,000 ரூபாய். இதன் மேல் கப்பல் செலவும் இலாபமும் வரும். பாவித்ததன் விலை, அதே கார்டின் இன்றைய புதிய விலையில் 60 சதவீதத்துக்கு மேல் போனால், வொரன்டியோடு புதியதை வாங்குவதே நல்லது.

பாவித்த சந்தையில் கவனிக்க வேண்டியவை பல. எதீரியம் என்ற மின்னணு நாணயம் 2022 செப்டெம்பரில் கார்டுகளால் நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டதும், அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் மலிவாகக் கொட்டப்பட்டன. அப்படி ஓடிய கார்டின் சில்லு பெரும்பாலும் பிழைத்திருக்கும். விசிறியும் நினைவகத்தின் வெப்பத்திண்டுகளும்தான் தேய்ந்திருக்கும். பின்பக்கம் மஞ்சளாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ தெரிந்தால் விலகிவிடுங்கள். வெளியீட்டுத் துளைகளிலும் பொருத்தும் தகட்டிலும் துரு இருந்தால் அது கடலோர வீட்டிலிருந்து வந்தது என்று பொருள். உள்ளேயும் பார்க்க வேண்டும்.

போலிகளும் உண்டு. பழைய, வலுக்குறைந்த கார்டின் பயோஸை (உள்ளே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டச்செய்து விற்றிருக்கிறார்கள். ஜிபியூ-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் இதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 க்குப் பதிலாக 2048 கணிப்பகுதிகளே உள்ள மாதிரி விற்கப்படுவதும் இதில் தெரியும்.

விற்பவரின் வீட்டிலேயே அரை மணித்தியாலம் பாரமான விளையாட்டொன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் வருகின்றனவா, இரண்டு விசிறிகளும் சுழல்கின்றனவா, வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது என்பவற்றைப் பார்த்த பிறகே காசைக் கையில் எடுக்க வேண்டும். விற்பவர் கொழும்பில் இருந்தால், தொடர் எண் தெரியும்படி வீடியோ அழைப்பில் இதைச் செய்துகாட்டக் கேட்பதில் தவறில்லை. மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

கொழும்பில் வாங்குவதா, ஊரிலேயே வாங்குவதா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவும் அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கார்ட் பழுதானால் அதே முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் திரும்பவும் கடக்க வேண்டும், அல்லது கூரியரில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊர்க் கடைக்காரர் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டு, பழுதானால் தானே கொழும்புக்கு அனுப்பித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதித் தந்தால், அந்தக் கூடுதல் விலை நியாயமானதே. வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது.

வொரன்டியின் விதிகளை வாசியுங்கள். சில பற்றுச்சீட்டுகளில் ஒரு வருடம் என்பது 350 நாள் என்று அச்சிடப்பட்டிருக்கும். எரிந்த தடமும் துருவும் உள்ளடங்காது என்றும் இருக்கும். கடலோர வீடுகளுக்கு இந்த இரண்டாவது விதி வெறும் எழுத்தல்ல.

விலை குறையும்வரை காத்திருக்கலாமா?

தேவை அவசரமில்லாவிட்டால் சில மாதம் காத்திருக்கலாம். ஆனால் காலம் போனால் விலை இறங்கியே தீரும் என்ற நம்பிக்கையை வரலாறு பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. 2021 இல் உலகளாவிய தட்டுப்பாடு வந்தது, 2022 இல் நம் ரூபாய் வீழ்ந்தது, 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கொள்வனவால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. அளந்து பார்த்துத் தேவை உறுதியாகி, காசும் கையிலிருந்தால் வாங்கிவிடலாம்.

கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பெரிய கார்ட் போட்டால் வேகமாகுமா?

எதில் மெதுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிறத்திருத்தம், காட்சியிலுள்ள புள்ளி இரைச்சலை நீக்குதல் போன்ற விளைவுகளில் மெதுவென்றால், குறிப்பாக டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், கார்ட் உதவும். ஆனால் பலரின் முறைப்பாடு, புதிய கமராவின் காட்சியை டைம்லைனில் இழுத்தாலே சிக்குகிறது என்பது. இன்றைய கமராக்கள் எடுக்கும் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற வடிவக் காட்சிகளை வன்பொருளால் விரித்துக்காட்டும் திறன் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலேயே வந்தது. இன்டெலின் 11 ஆம் தலைமுறை முதல் புரொசெசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸ் இதை ஏற்கெனவே செய்கிறது. ஆகவே ஆர்டிஎக்ஸ் 3060 க்குக் காசு கொடுத்தும் டைம்லைன் அப்படியே சிக்கலாம். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இல்லாத அத்தகைய இன்டெல் புரொசெசர் உள்ள கணினியில், பயோஸில் உள்ளக கிராபிக்ஸை இயக்கிவிட்டாலே தீர்ந்துவிடலாம். முடியாதவர்கள் பிராக்சி கோப்புகளை (குறைந்த தெளிவுள்ள நகல்களை) உருவாக்கி எடிட் செய்வது செலவில்லாத வழி.

ஆட்டோகேட் வரைபவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும்?

இருபரிமாண ஆட்டோகேட் வரைபுக்குப் புதிய கார்ட் தேவையே இல்லை. அது புரொசெசரின் ஒற்றைக் கோர் வேகத்தில் ஓடுகிறது. லூமியன், பிளெண்டர் போன்றவற்றில் வீட்டின் முப்பரிமாணத் தோற்றத்தை உருவாக்குபவருக்கு நினைவகம் அதிகமுள்ள கார்ட் வேண்டும். அங்கே 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இன்னும் பெறுமதியானது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள், கார்டுக்காகக் கடன்படுவதற்கு முன் கூகுள் கோலாப், காகிள் ஆகிய இணையத்தளங்கள் இலவசமாகத் தரும் கார்ட் நேரத்தைப் பாவித்து முடிக்கட்டும்.

மடிக்கணினியில் கார்டை மாற்ற முடியுமா?

கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் முடியாது.

என் மொனிட்டரில் வீஜிஏ துளை மட்டுமே இருக்கிறது. புதிய கார்ட் பொருந்துமா?

ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே என்விடியா கார்டுகளில் அந்தப் பழைய வகை அனலொக் வெளியீடு இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும், உள்ளே சில்லுள்ள அடப்டர் ஒன்று வேண்டும்; அது மலிவானதே.

மின்கட்டணம் ஏறுமா?

பழையதைவிட 100 வாட் அதிகம் உண்ணும் கார்டில் நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 12 அலகு கூடும். நம் கட்டண முறை படிப்படியாக ஏறுவது என்பதால், உங்கள் வீட்டுப் பாவனை ஒரு படியின் விளிம்பில் இருந்தால் அந்த 12 அலகின் விலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். பிரேம் எண்ணிக்கையை 60 இல் வரம்பிட்டால் இதில் நல்ல பகுதி குறையும்.

பழைய கார்டை உடனே விற்றுவிடலாமா?

உங்கள் புரொசெசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் எஃப் எழுத்துள்ளவற்றிலும், ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் அது இல்லை. அப்படியானால் புதிய கார்ட் பழுதாகி வொரன்டிக்காகக் கொழும்புக்குப் போயிருக்கும் நாட்களில் திரையில் எதுவுமே வராது. ஆகவே முதல் சில மாதங்களுக்காவது பழையதை வைத்திருங்கள். ஈரம் புகாதபடி சிலிக்கா பை ஒன்றோடு அதன் பெட்டியிலேயே வைக்கலாம். விற்பதென்று முடிவெடுத்தால் பெட்டி, பற்றுச்சீட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ ஆகியவற்றோடு விற்பனைக்குப் போடுங்கள். வாங்குபவரை வீட்டுக்கே அழைத்து ஓட்டிக்காட்டினால் பேரம் குறையும்.